கரிசல் காத்த இசை: எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர்

கோவில்பட்டியிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் சாலை கரிசல் காட்டை ஊடறுத்து எட்டயபுரத்தை அடைகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையையே நம்பிப் பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் விளையும் பூமி அது. கோடையில் பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்கும் இக்கறுப்பு மண்ணில், காவிரிக் கரைக்கே உரியதெனக் கருதப்படும் கர்நாடக இசை வேரூன்றியது என்றால் வெளியூரார் வியப்பர். எட்டயபுரம் என்றவுடன் தமிழுலகம் பாரதியை நினைக்கிறது, அது இயல்பே. ஆயினும் இசையறிஞர் நடுவே அவ்வூரின் பெயர் மற்றொருவராலும் நிலைபெற்றிருக்கிறது. ஒரு குடும்பத்தின் ஏட்டுப் பெட்டியிலும் நினைவிலும் மட்டுமே தங்கியிருந்த பெருஞ்செல்வத்தைத் தேடித் திரட்டி, சுரம் சுரமாக எழுதி, 1904-ஆம் ஆண்டில் அச்சேற்றியவர் அவர். சுப்பராம தீட்சிதர் என்பது அவர் பெயர். சங்கீத ஸம்பிரதாய பிரதர்சினி என்பது அந்நூலின் பெயர்.

தீட்சிதர் குடும்பம் கரிசலுக்கு வந்து சேர்ந்த வழி நீண்டது. ஹம்சத்வனி இராகத்தை ஆக்கியவரும் நூற்றெட்டு இராகதாள மாலிகையைப் பாடியவருமான இராமசுவாமி தீட்சிதர் (1735–1817) திருவாரூரில் வாழ்ந்தவர். பின்னர்ச் சென்னையை அடுத்த மணலியில் முதலியார் குடும்பத்தின் ஆதரவில் இருந்தார். அவருக்கு முத்துசுவாமி, சின்னசுவாமி, பாலுசுவாமி என மூன்று ஆண்மக்கள். இளையவரான பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) ஜார்ஜ் கோட்டையில் வாசிக்கப்பட்ட ஐரோப்பிய வாத்திய இசையைக் கேட்டு வயலினை முறையாகப் பயின்று, அதனை நம் இசைக்கு முதன்முதலில் இணக்கியவர்களுள் ஒருவரானார். அண்ணன் சின்னசுவாமியின் மறைவுக்குப் பின் தெற்கே அலைந்த அவரை எட்டயபுரம் சமஸ்தானம் வரவேற்று அவைக்களத்தில் அமர்த்திக்கொண்டது.

தம்பியைக் காணும் பொருட்டு முத்துசுவாமி தீட்சிதரும் எட்டயபுரம் வந்தார். வறண்டு கிடந்த நிலத்தை வழியில் கண்டு மனமிரங்கி, அமிருதவர்ஷிணி இராகத்தில் அவர் பாட, மழை பொழிந்ததென்று மரபு கூறும். மழை வந்ததோ இல்லையோ, மழைக்காக ஏங்கும் இம்மண்ணைப் பற்றிய ஓர் உண்மை அக்கதையில் இருக்கிறது. 1835-ஆம் ஆண்டு தீபாவளித் திருநாளில் முத்துசுவாமி தீட்சிதர் எட்டயபுரத்திலேயே மறைந்தார். அவருடைய சமாதி அவ்வூரில் உள்ளது.

சுப்பராம தீட்சிதர் பிறந்தது 1839-இல், திருவாரூரில். முத்துசுவாமி தீட்சிதர் மறைந்து நான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. யாருடைய இசையைக் காப்பதற்குத் தம் வாழ்நாளைச் செலவிட்டாரோ அவருடைய குரலை ஒருமுறையேனும் கேட்கும் பேறு சுப்பராமருக்கு வாய்க்கவில்லை. பிள்ளைப் பருவத்தில் அவர் பெயர் பாலசுப்பிரமணியன். பாலுசுவாமி தீட்சிதருக்கு ஆண்மக்கள் இல்லாமையால், மகள் வயிற்றுப் பேரனாகிய இச்சிறுவனையே ஐந்தாம் வயதில் மகனாகச் சுவீகரித்துக்கொண்டார். அன்று முதல் எட்டயபுரமே அவருடைய ஊராயிற்று. வீணையும் வாய்ப்பாட்டும், அவற்றோடு குடும்பத்தின் பாடாந்தரம் முழுவதும் பாட்டனாரிடமிருந்தே பேரனுக்கு வந்தன.

அண்ணன் தம்பிமார் மூவரில் எஞ்சியிருந்தவர் பாலுசுவாமி ஒருவரே. அவரும் 1859-இல் மறைந்தார். அப்போது சுப்பராமருக்கு அகவை 20. முத்துசுவாமி தீட்சிதருக்குத் திருவாரூரிலும் தஞ்சையிலும் மாணாக்கர் பலர் இருந்தனர் என்பது உண்மை. ஆயினும் குடும்பத்துக்குள் வந்த பாடமும், தலைமுறைகளாகச் சேர்ந்த ஏடுகளும், தானங்களும் இலட்சண கீதங்களும் அந்த இளைஞர் ஒருவரிடமே வந்து நின்றன.

அவர் வெறும் காப்பாளர் அல்லர். பதினேழாம் வயதில் தர்பார் இராகத்தில் தானவர்ணம் ஒன்றை இயற்றி அரசர் முன் பாடினார். இத்தனை முதிர்ந்த வர்ணம் சிறுவன் செய்ததாக இருக்க முடியாது, பாட்டனார் செய்து கொடுத்திருப்பார் என்ற ஐயம் அரசருக்கு எழுந்தது. உடனே யமுனா இராகத்தில் ஜதிசுரம் ஒன்று இயற்றுமாறு பணித்துச் சோதித்தார். சுப்பராமர் அதனையும் செவ்வனே செய்து முடித்துப் பரிசும் பாராட்டும் பெற்றார் என்பர். இரண்டாண்டுகளில் சமஸ்தான வித்துவானாக நியமனம் பெற்றார். பின்னாளில் வர்ணங்களும் இராகமாலிகைகளும் கீர்த்தனைகளும் பல இயற்றினார். சங்கராபரணத்தில் அமைந்த சங்கராசார்யம் என்னும் கீர்த்தனை இன்றும் கச்சேரிகளில் ஒலிக்கிறது.

ஆனாலும் அவருடைய உள்ளம் தோய்ந்தது சேகரிப்பில்தான். வேங்கடமகியின் சதுர்தண்டிப் பிரகாசிகை, இராகங்களின் இலக்கணம் கூறும் கீதங்கள், பிரபந்தங்கள், சிட்டைத் தானங்கள், புரந்தரதாசரின் சூளாதிகள், தஞ்சை மராட்டிய மன்னர் காலத்துப் பதங்கள், பழைய வர்ணங்கள், மறக்கப்பட்ட வித்துவான்களின் பெயர்கள், அவர்கள் எந்த அவையில் எந்த இராகத்தைப் பாடி எந்தப் பட்டம் பெற்றார்கள் என்னும் செவிவழிச் செய்திகள் என எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஒரு வித்துவானின் ஓர் உருப்படி கிடைத்தால் அவருடைய ஊர், ஆசிரியர், அவரை ஆதரித்த அரசர் ஆகிய விவரங்களையும் உடன் சேர்த்து வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இருந்திருக்கிறது. இசையை விரும்புவோர் பலர். இசை எவரெவர் கை மாறி வந்தது என்பதையும் விரும்புவோர் சிலரே. அச்சிலருள் அவர் தலையானவர்.

சேர்த்து வைப்பது அவருக்கு இயல்பாக வந்தது. வெளியே கொடுப்பது வரவில்லை. அதனைக் குறை என்று எளிதில் தள்ளிவிட முடியாது. அக்காலத்தில் வித்துவானுக்கு வித்தையே சொத்து. பாடாந்தரம் என்பது நிலபுலன் போல வழிவழி வருவது. தகுதியறிந்து மாணாக்கனுக்கு ஈயப்படுவது. ஏட்டை அச்சிட்டால் எவரும் எடுத்து, எப்படியும் பாடிக் கெடுத்துவிடுவர் என்ற அச்சமும் உண்டு. எழுத்தில் அடங்காத நுட்பங்களே இராகத்தின் உயிர் என்பதால், எழுதுவதே அதனைக் குலைப்பதாகும் என்று கருதியோரும் இருந்தனர். இத்தனைக்கும் நடுவே வளர்ந்தவர் சுப்பராம தீட்சிதர். அவர் தயங்கினார் என்பதில் வியப்பில்லை.

அந்தத் தயக்கத்தை உடைத்தவர் இசைக் குடும்பத்தில் பிறந்தவர் அல்லர். அரசு அலுவலர் ஒருவர். அ. மு. சின்னசாமி முதலியார் எம்.ஏ. பட்டம் பெற்றவர், கிறித்தவர், சென்னைத் தலைமைச் செயலகத்தில் கண்காணிப்பாளர். நம் இசை முழுவதையும் ஐரோப்பியக் குறியீட்டில் எழுதி அச்சிட்டுவிட்டால் அது அழியாது, உலகமும் அதனை அறியும் என்பது அவருடைய கனவு. 1892 முதல் அதற்கென ஓர் இதழ்வரிசையைத் தம் செலவிலேயே வெளியிடத் தொடங்கினார். தியாகராஜரின் நேர்மாணாக்கரான வாலாஜாப்பேட்டை வேங்கடரமண பாகவதரின் மகன் கிருஷ்ணசுவாமி பாகவதரிடமிருந்து தியாகராஜர் கீர்த்தனைகளைப் பெற்று எழுதினார். முத்துசுவாமி தீட்சிதரின் இசையைத் தேடியபோது அவர் எட்டயபுரத்தை வந்தடைந்தார்.

இருவரும் சந்தித்ததைத் தமிழக இசை வரலாற்றின் திருப்புமுனை என்று கூறினால் மிகையாகாது. ஒருவரிடம் ஏடுகளும் பாடமும் இருந்தன. மற்றவரிடம் அவை அழிந்துபோகும் என்னும் தவிப்பு இருந்தது. கமகங்களை எவ்வாறு குறியீடுகளில் அடக்குவது என்பதில் இருவருடைய சிந்தனையும் கலந்தது. ஆனால் முதலியாரின் வெளியீடு நெடுநாள் நடக்கவில்லை. ஓயாத எழுத்துவேலையில் அவருடைய கண்பார்வை மங்கியது, உடல்நலமும் குன்றியது. தம்மால் இனி முடியாது என்பதை உணர்ந்தபின் அவர் செய்த செயல்தான் போற்றத்தக்கது. தாம் எடுத்த பணியை எட்டயபுரத்தின் தலையில் ஏற்றிவைக்க முனைந்தார்.

1899-இன் இறுதியில் எட்டயபுரத்தில் வேங்கடேசுவர எட்டப்பரின் பட்டமேற்பு விழா நடந்தது. முதலியார் அதற்கு வந்தார். பரிசிலோ பதவியோ அவர் வேண்டவில்லை. சுப்பராம தீட்சிதரிடம் உள்ள இசைச் செல்வத்தைச் சமஸ்தானமே அச்சிட்டு வெளியிட வேண்டும் என்று அரசரிடம் மன்றாடினார். அரசர் இசைந்தார். அரசர் ஆணையும் பார்வையிழந்துவரும் நண்பரின் வேண்டுகோளும் ஒருங்கே வந்தபோது, அறுபது வயதான தீட்சிதர் குடும்பப் பெட்டியைத் திறந்தார். எட்டயபுரம் பாளையம் என்றால் 1799-ஆம் ஆண்டையும் கட்டபொம்மன் வரலாற்றையும் மட்டுமே நினைவுகூர்வோர் உளர். அந்தக் கணக்கேட்டின் மறுபக்கத்தில் இந்த ஆணையையும் எழுதிக்கொள்ளத்தான் வேண்டும்.

அச்சுவேலை 1901-இல் தொடங்கியது. கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை நிறுவப்பட்டதும் அதே ஆண்டுதான். ஒருபுறம் மானாவாரிப் பயிரைப் பற்றிய ஆய்வு, மறுபுறம் இராகங்களை அச்சுக் கோத்தல் என, இரண்டு பணிகளும் சில கல் தொலைவுக்குள் ஒரே காலத்தில் நடந்திருக்கின்றன. எட்டயபுரத்து வித்யா விலாசினி அச்சுக்கூடத்தில் நூல் உருவாயிற்று. மொழி தெலுங்கு, எழுத்தும் தெலுங்கு. அக்காலத்தில் இசையறிஞருக்குப் பொதுமொழியாக இருந்தது அதுவே.

நூலின் உயிர்நாடி அதன் கமகக் குறியீடுகள். சுரத்தை எழுதிவிடலாம், சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையே குரலோ விரலோ செல்லும் வழியை எழுதுவது எப்படி? நடுக்கத்துக்கு அலைபோன்ற கோடு, ஸ்புரிதத்துக்கு மூன்று புள்ளி, மேலேறும் ஜாருவுக்கு ஏறுகோடு, கீழிறங்கும் ஜாருவுக்கு இறங்குகோடு என ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம் தந்து சுரத்தின் தலைமேல் ஏற்றினார். பெயர்களைக் கவனித்தால் தமிழர்க்கு ஓர் இன்பம் உண்டு. தெலுங்கு நூலாயினும் நொக்கு, ஒதுக்கல், ஏற்றம், இறக்கம் போன்ற சொற்கள் அதில் குறியீட்டுப் பெயர்களாக நிற்கின்றன. வீணை வாசிப்போர் வாய்மொழியாக வழங்கிவந்த தமிழை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். சுரம், அதன் ஸ்தாயிப் புள்ளி, காலக் கோடு, கமகக் குறி, கீழே சாகித்திய எழுத்து என ஒவ்வொரு வரியும் பல அடுக்குகள் கொண்டது. ஒரு குறி ஒரு சுரம் தள்ளி விழுந்தாலும் இராகம் மாறிவிடும். ஈய எழுத்துகளைக் கையால் ஒவ்வொன்றாகக் கோத்த காலத்தில் ஒரு சிற்றூர் அச்சுக்கூடம் இதனைச் செய்து முடித்தது. அந்த அச்சுக்கோப்பாளர்களுக்கும் இசையுலகம் கடன்பட்டிருக்கிறது.

1904-இல் நூல் நிறைவுற்றது. ஏறத்தாழ 1,700 பக்கங்கள். வேங்கடமகி மரபின்படி 72 மேளங்களும் அவற்றின் கிளை இராகங்களும் வரிசைப்படுத்தப்பட்டு, ஒவ்வோர் இராகத்துக்கும் இலக்கணம், அதன்பின் கீதம், தானம், கீர்த்தனை, சஞ்சாரி என எடுத்துக்காட்டுகள் தொடர்கின்றன. முத்துசுவாமி தீட்சிதரின் 229 உருப்படிகள் அதில் உள்ளன. சியாமா சாஸ்திரி, க்ஷேத்ரக்ஞர், எட்டயபுரத்துக் குமார எட்டப்பர் முதலியோரின் பாடல்களும் இடம்பெற்றன. சார்ங்கதேவரிலிருந்து தொடங்கித் தம் காலம் வரையிலான 76 பேரின் வாழ்க்கைக் குறிப்புகளையும் அவர் சேர்த்தார். ஒரு பாட்டனின் பாட்டைச் சேர்க்கத் தொடங்கியவர் ஒரு பெருமரபின் கணக்கையே எழுதி முடித்தார்.

அதே ஆண்டில், வடஇந்திய இசைக்கு இலக்கணம் வகுக்கும் முயற்சியில் தென்னாட்டைச் சுற்றிவந்த விஷ்ணு நாராயண் பாத்கண்டே எட்டயபுரம் வந்து சுப்பராம தீட்சிதரைச் சந்தித்தார். பல ஊர் வித்துவான்களிடம் கேள்வி கேட்டு மனநிறைவு பெறாத பம்பாய் வழக்கறிஞர் அவர். வேங்கடமகியின் நூலுக்கான படி எட்டயபுரத்திலிருந்து அவருக்குக் கிடைத்தது. மேள முறையைக் கண்டு ஊக்கம் பெற்ற பாத்கண்டே பின்னர் இந்துஸ்தானி இராகங்களைப் பத்துத் தாட்டுகளாக வகுத்தார். ஐந்தாண்டுகளுக்கு முன்புவரை வீட்டாருக்கு மட்டுமே உரியதாயிருந்த ஏடு, கிருஷ்ணை நதியைத் தாண்டியும் பயன் விளைத்தது.

காலத்தையும் நோக்க வேண்டும். 1902-இன் இறுதியில் கிராமபோன் நிறுவனத்தார் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாட்டைத் தட்டில் பதித்தனர். சில ஆண்டுகளில் இசைத்தட்டு தென்னாட்டுக்கும் வந்தது. ஹங்கேரி நாட்டில் கோடாயும் பார்ட்டோக்கும் ஊர் ஊராகச் சென்று நாட்டுப்பாடல்களைத் திரட்டத் தொடங்கியது 1905, 1906-ஆம் ஆண்டுகளில். மெழுகு உருளையில் குரலைப் பதிக்கும் கருவி அவர்களுக்கு உதவிற்று. சுப்பராம தீட்சிதருக்குக் கருவி ஏதும் இல்லை. செவியும் வீணையும் எழுதுகோலுமே இருந்தன. அக்கால இசைத்தட்டு மூன்று நிமிட அளவே பாடும். விளம்பகாலத்தில் யானைநடை போடும் முத்துசுவாமி தீட்சிதரின் பெருங்கீர்த்தனை ஒன்றை அதில் அடக்க இயலாது. ஆகவே அவ்விசையைப் பொறுத்தவரை எட்டயபுரத்து நூலே முதல் ஒலித்தட்டு என்று சொல்வது பொருந்தும்.

நூலில் குறைகளும் உண்டு. தியாகராஜர் கீர்த்தனைகள் மிகச் சிலவே அதில் உள்ளன; தம் குடும்ப மரபின்மேல் கொண்ட பற்று தேர்வைச் சாய்த்துவிட்டது. வாழ்க்கைக் குறிப்புகளில் வரலாறும் கேள்வியும் கலந்து கிடக்கின்றன. ஆயினும் பலரைப் பற்றி இன்று தெரிந்தது அவ்வளவே என்பதால் அறிஞர்கள் அவற்றையே திரும்பத் திரும்ப நாடுகின்றனர். வேங்கடமகியின் பெயரில் அவர் தந்த இராக இலட்சணங்கள் பலவும் அவர் வழிவந்த முத்து வேங்கடமகியுடையவை எனப் பிற்கால ஆய்வாளர் கருதுகின்றனர். இவற்றால் நூலின் மதிப்பு குறையவில்லை. முத்துசுவாமி தீட்சிதர் பெயரில் பின்னர் வெளிவந்த உருப்படிகள் நானூற்றுக்கும் மேல் பெருகின. ஒரு கீர்த்தனை அவருடையதுதானா, இராகத்தின் உருவம் இதுதானா என்று ஐயம் எழும்போது இசையறிஞர் முதலில் புரட்டுவது 1904-ஆம் ஆண்டு நூலையே. மேடைகளில் சங்கதிகள் அடுக்கி முழங்கும் வாதாபி கணபதிம் அதில் எளிய நடையில் நிற்பதைக் காண்போர், ஒரு பாட்டு நூறாண்டில் எவ்வளவு தொலைவு நடந்து வந்திருக்கிறது என்பதை அளந்துகொள்ளலாம்.

அந்த அச்சுவேலை நடந்த ஆண்டுகளில் எட்டயபுரம் அரண்மனையில் மற்றொருவரும் இருந்தார். காசியிலிருந்து திரும்பிய சுப்பிரமணிய பாரதி ஏறத்தாழ 1902 முதல் 1904 வரை அதே வேங்கடேசுவர எட்டப்பரிடம் பணிபுரிந்தார். ஒருவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. மற்றவருக்கு இருபத்திரண்டு நிறையவில்லை. ஒருவர் நூற்றாண்டுகளின் இசையைப் பத்திரப்படுத்திக்கொண்டிருந்தார்; மற்றவர் அரண்மனைச் சுவர்களுக்குள் மூச்சு முட்டி வெளியேற வழி தேடிக்கொண்டிருந்தார். ஒரே சிற்றூர், ஒரே புரவலர். பழமை பேணுவோரைக் கண்டால் பொறுமை இழக்கும் இளங்கவிஞர், இந்த முதியவரிடம் மட்டும் பெருமதிப்பு வைத்திருந்தார் என்பதற்கு அவருடைய கவிதையே சான்று.

நூல் வெளிவந்தபின் தீட்சிதர் ஓய்ந்திருக்கவில்லை. பெருநூல் அறிஞர்க்கு உரியது. தொடக்க மாணாக்கர்க்கு என் செய்வது என்று எண்ணி, பிரதமாப்பியாச புஸ்தகம் என்னும் பயிற்சிநூலை 1905-இல் வெளியிட்டார். வித்தையைப் பூட்டி வைத்த மரபில் வந்தவர், தம் இறுதி ஆண்டுகளில் சரளி வரிசை பாடும் பிள்ளைகளுக்காகவும் எழுதினார். 1906-இல் எட்டயபுரத்தில் காலமானார். சென்னையில் இந்தியா இதழை நடத்திக்கொண்டிருந்த பாரதி, அவர் மறைவுக்கு இரங்கி ஒரு கவிதை எழுதினார். பாரதியின் நூல்தொகுதியில் சான்றோரைப் பாடும் பகுதியில் அது இன்றும் இருக்கிறது; இரவிவர்மாவைப் பற்றிய பாடலும் அப்பகுதியில்தான் உள்ளது. கவிஞர்கள் ஒருமுறை அதனைத் தேடிப் படிக்கலாம். பாரதியின் தேசபக்திப் பாடல்களின் ஆரவாரத்தில் அது பலர் கண்ணிலும் படுவதில்லை.

சுப்பராமரின் மகன் அம்பி தீட்சிதர் (1863–1936) சமஸ்தானத்தில் இருந்துவிட்டுப் பின்னாளில் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். நீதிபதி டி. எல். வேங்கடராம ஐயர் அவரிடம் முறையாகப் பாடம் கேட்டார், இளம் டி. கே. பட்டம்மாளும் அவரிடம் கற்றார். முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் சென்னை மேடைகளில் பரவியதில் இவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. தந்தை எழுத்தில் தந்ததை மகன் வாய்மொழியாகத் தந்தார்.

கரிசல் மண்ணில் அச்சான அந்நூலைத் தெலுங்கு எழுத்து அறியாத கரிசல்காரர் தாமே படிக்க நெடுங்காலம் வழியில்லாமலே இருந்தது. சென்னை மியூசிக் அகாதெமி அதனைத் தமிழ் எழுத்தில் கொண்டுவர முற்பட்டு 1961-இல் முதற்பகுதியை வெளியிட்டது. கமகக் குறிகளை மீண்டும் ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டியிருந்தது. ஐந்து பகுதிகளும் வெளிவந்து முடிந்தது 1983-இல். சுப்பராம தீட்சிதர் மூன்று, நான்கு ஆண்டுகளில் ஒரு சிற்றூர் அச்சுக்கூடத்தில் முடித்ததைத் தமிழில் பெயர்த்து அச்சிட இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின.